பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுவோம்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பிள்ளை வீட்டுப் படியிறங்கும்போது, "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புவது நம் வழக்கம். எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அதுவே.

கோடையில் ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுத்து வயலுக்கு இடுகிறோம். நல்ல பணிதான். ஆயினும், முன்பு முழங்கால் அளவு நீர் நின்ற இடம், மழைக்குப் பின் ஆளை விழுங்கும் பள்ளமாகிவிடும். மேலே நீர் ஒன்றுபோலவே தோன்றும். பள்ளம் இருக்குமிடம் மண் வெட்டிய நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே, நீர் நிறையுமுன் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டுவோம். தோழன் நீரில் தத்தளித்தால் தானும் குதிக்கலாகாது. கரையில் நின்றபடியே கயிறோ, காலிக் குடமோ வீசி, உரக்கக் கூவ வேண்டும் என்றும் பழக்குவோம்.

அறுந்து விழுந்த மின்கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் மின்சாரம் பரவும். வரப்பில் கிடக்கும் பூச்சிமருந்துப் புட்டி, வேலியோரத்துப் பொன்னரளிக் கொட்டை, பாம்பு ஒதுங்கும் வைக்கோற்போர் ஆகியவற்றையும் நேரில் காட்டுவோம். எல்லாவற்றுக்கும் பாடம் மூன்று சொற்களே: நில், தொடாதே, சொல்.

சொன்ன பிறகு என்ன நடக்கிறது? ஒரு சிற்றூரில் பள்ளிச் சிறுமி ஒருத்தி நம்மிடம், "ஐயா, அந்தக் கம்பி தாழ்ந்து தொங்குகிறது. வீட்டில் சொன்னேன், யாரும் கேட்கவில்லை" என்றாள். நாம் தலைகுனிந்தோம். ஒருமுறை புறக்கணிக்கப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. மின்கம்பியைப் பற்றிய புகாரை 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்க எத்தனை நேரம் ஆகும்?

2019 அக்டோபரில், திருச்சிராப்பள்ளி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்தது. பல நாள் முயன்றும் உயிருடன் மீட்க இயலவில்லை. அவ்வயதுக் குழந்தைக்கு எந்தப் பாடமும் காவலாகாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-லேயே நெறி வகுத்தது. சாக்குப்பையும் முள்ளும் மூடியாகா. காணக் கற்பது பிள்ளையின் கடமை. மூடுவது நம் கடமை.

எனவே, அடுத்த கிராம சபைக்கு முன், ஊரில் தாங்கள் கண்ட ஆபத்தான இடங்களைப் பள்ளிப் பிள்ளைகளே எழுதித் தரட்டும். அதனைச் சபையில் படித்து, ஒவ்வொன்றையும் யார், எந்நாளுக்குள் சீர்செய்வது என்று முடிவு செய்வோம். செய்து முடித்ததை அப்பிள்ளைகளிடமே அழைத்துச் சென்று காட்டுவோம். தம் சொல்லுக்கு ஊர் செவிசாய்க்கிறது என்று அறிந்த பிள்ளைகள், ஊரைக் காக்கும் கண்களாக வளர்வார்கள்.