எம்டன்: ஒரு சொல்லும் ஒரு கடற்படைத் தலைவரும்



2006ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்துக்கு ‘எம்டன் மகன்’ எனப் பெயரிட்டனர். தமிழில் பெயர் சூட்டினால் கேளிக்கை வரிவிலக்கு உண்டென அரசு அறிவித்திருந்த காலம் அது. எனவே அப்பெயர் ‘எம் மகன்’ எனச் சுருங்கிற்று. கண்டிப்பான தந்தையையும், எளிதில் பிடிபடாத சூழ்ச்சிக்காரனையும் மக்கள் இன்றளவும் சுட்டிவரும் ஒரு சொல், சட்டத்தின் முன் தமிழாக நிற்க இயலவில்லை. அச்சொல்லுக்குப் பின்னே ஒரு கப்பலும், கப்பலுக்குப் பின்னே ஒரு மனிதரும் உண்டு.

கார்ல் ஃபான் முல்லர் 1873 சூன் 16இல் செருமனியின் ஹனோவர் நகரில், படைத்துறை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1891இல் கடற்படையிற் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணியாற்றிய நாளில் பற்றிய மலேரியாக் காய்ச்சல் இறுதிவரை அவரை விடவில்லை. அமைதியானவர், சொற்சிக்கனம் உடையவர். 1913இல் எம்டன் கப்பலின் தலைமை அவரிடம் வந்தது.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நவராத்திரியின் தொடக்க நாட்கள். மயிலாப்பூர் வீடுகளில் கொலு வைத்திருந்த வேளை. இன்றைய தியாகராய நகர் அன்று இல்லை. அங்கே ஏரி இருந்தது. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அமைந்திருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்தது. இரவு ஒன்பதரை மணியளவில் கரையை அணுகிய எம்டன், துறைமுகத்தையடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள்மீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. எண்ணெய் பற்றி எரிந்தது. சில உயிர்கள் மாண்டன. கப்பல் விளக்கணைத்து இருளில் மறைந்தது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். அந்நிகழ்ச்சியைக் கூறும் கல் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் பதிக்கப்பட்டுள்ளது.

முல்லரின் நோக்கம் அழிவு அன்று. ஆங்கில வணிகத்தைக் குலைப்பதும், ஆங்கிலேயர் மதிப்பைக் குறைப்பதும், இந்திய மக்களிடையே ஒரு சலனத்தை உண்டாக்குவதுமே தம் கருத்தென அவர் தம் அறிக்கையில் குறித்துள்ளார். சலனம் அரசியலில் எந்த அளவு நிகழ்ந்ததோ, மொழியில் நிகழ்ந்துவிட்டது.

அது நிகழ்ந்த முறையை இலக்கணம் பயின்றோர் சற்று நின்று நோக்கலாம். எம்டன் என்பது செருமனியின் ஓர் ஊர். ஊர்ப்பெயர் கப்பலுக்கு ஆயிற்று. தமிழ்ச் செவியோ இறுதி னகர மெய்யைக் கேட்டது. அது ஆண்பால் காட்டும் ஈறு என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. முதற்பகுதியில் எமனின் சாயலும் ஒலித்தது. அஃறிணைக் கப்பல் உயர்திணை ஆடவனாயிற்று! மலையாளத்தின் ‘யமண்டன்’ என்னும் சொல்லையும் இக்கப்பலோடு இணைத்துரைப்பர். செருமனியிலும், எம்டனில் பணியாற்றியோர் தம் குடிப்பெயருடன் அப்பெயரைச் சேர்த்துக்கொள்ள இசைவு பெற்றனர். இரு நாட்டிலும் கப்பல் மனிதப் பெயரானது. அங்கே பெருமையாக, இங்கே அச்சமும் வியப்பும் கலந்த நகையாக.

செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து குண்டு வீச வழிகாட்டினார் என்னும் கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. அம்மாதத்தில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அவரது உண்மையான தொண்டே பெரிது. அவரைக் கப்பலேற்றிப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

சொல்லின் பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவே வியப்பளிப்பது. பகைக் கப்பல்போல் தோன்றப் பொய்யான நான்காம் புகைபோக்கியுடன் அவர் கப்பலைச் செலுத்தினார். அவ்வளவில் தமிழ் வழக்குப் பிழையன்று. ஆயினும் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை இறக்கிக் காத்த பின்னரே அவற்றை மூழ்கடித்தார். அக்டோபர் 28இல் பினாங்கில் ரஷ்யப் போர்க்கப்பலை வீழ்த்தியபின், தாம் தகர்த்த பிரெஞ்சுக் கப்பலில் உயிர் தப்பியோரைக் கடலிலிருந்து மீட்டார். பகைநாட்டார் நாவும் அவரைப் பண்பாளர் என்றது.

நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியது. அவரது வீரர் 130 பேருக்கு மேல் மாண்டனர். மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறை; 1917இல் சுரங்கம் தோண்டித் தப்பிய குழுவை நடத்தி மீண்டும் பிடிபட்டார். உடல்நலிவால் 1918இல் விடுவிக்கப்பட்டு, 1919இல் ஓய்வு பெற்றார்.

அவருடன் பணியாற்றிய ஃபான் மியூக்கே எழுதிய நூல்கள் பெரிதும் விற்பனையாயின. முல்லரையும் எழுதுமாறு தூண்டினர். இறந்த தோழர்களின் குருதியைக் காசாக்குவதாகத் தமக்குத் தோன்றும் என்று மறுத்தார். 1923 மார்ச் 11இல், நாற்பத்தொன்பதாம் வயதில், தம் கப்பலைப் பற்றி ஒரு நூலும் எழுதாமலே மறைந்தார்.