அந்த ஜூலை 8 இன்னும் முடியவில்லை



நினைவேந்தல் என்று நாம் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "நடந்து முடிந்ததையே எத்தனை நாளைக்குப் பேசுவீர்கள்?" அதற்கு விருத்தாசலத்தில் நின்றே பதில் சொல்வோம்.

பக்கத்திலிருக்கும் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே 5ஆம் தேதி இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். காவல்துறை வழக்கைத் திரித்தது. 2004இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது 2021 செப்டம்பர் 24இல்தான். அதில் இருவர் காவல்துறையினர். உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரல் 28இல்.

ஏறக்குறைய 22 ஆண்டுகள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் அதே ஜூலை 8. இதில் எது நடந்து முடிந்தது?

இன்னும் நடக்காததும் நம்மை ஆட்டிவைக்கிறது. காலனியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம், "படிச்சு முடி. யாரோடயும் பழகிடாத" என்று சொல்லி அனுப்புகிறாள் தாய். நாளைக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்து இன்றைய சிரிப்பையும் பேச்சையும் அளந்து வைக்கிறோம். நேற்றைய கொலை நாளைய பயமாகி இன்றைய நாளைத் தின்கிறது. சாதி நம் நிலத்தையும் கூலியையும் பறித்தது போதாதென்று நிகழ்காலத்தையும் பறிக்கிறது.

சாதிக்காகக் கொல்கிறவர்களுக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு: 'ஆண்ட பரம்பரை' என்ற கற்பனை. ஒரு எதிர்காலமும் உண்டு: ரத்தம் கலந்துவிடும் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் பெற்ற மகளே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம்மிடம் மட்டும் 'மறந்துவிடுங்கள்' என்கிறார்கள். இல்லையென்றால் 'காலம் மாறும், காத்திருங்கள்' என்கிறார்கள். இரண்டுமே இன்றைக்கு எதுவும் செய்யாதே என்பதுதான். சாதிக்குக் கலப்பு மணமே மருந்து என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். அந்த உரையை லாகூரில் பேச முடியாமல் போனபோது அவர் காத்திருக்கவில்லை. தானே அச்சிட்டு வெளியிட்டார்.

சாதி மறுத்து மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் மாவட்டத்தில் அதற்கு எந்த எண்ணில் பேசுவது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக் காலையில் கேட்டு வாங்குவோம். ஊர் ஊராக எழுதி வைப்போம்.

இது செராமிக் ஊர். சூளையில் வெந்தது மறுபடி மண்ணாகாது என்பது நமக்குத் தெரியும். வேகாத மண்ணைத்தான் மாற்றி வனைய முடியும். முருகேசனும் கண்ணகியும் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் அடுத்து ஓடிவரும் ஒரு ஜோடிக்கு ராத்திரியில் நம் வீட்டுக் கதவு திறக்க வேண்டும். அதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.