வாசிகசாலைச் சாவி யார் கையில்?

(தோட்ட வாசிகசாலைக் குழு அங்கத்தவர்களுக்காகச் சங்கத்தின் கல்விப் பிரிவு நடத்திய ஒருநாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும், மரக்கறிப் பாத்தியைப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். கோயிலுக்குப் பக்கத்தில் வாசிகசாலை. சுவரில் திறப்பு விழாக் கல், பளபளவென்று பெயிண்ட். உள்ளே பார்க்கக் கேட்டோம். சாவி ஒருவரிடம், அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். சாயந்தரம் வந்து திறந்தார். மூன்று கம்பியூட்டர்கள், வாங்கிய நாள் பொலித்தீன் உறையோடு அப்படியே இருந்தன. கரண்ட் பில் கட்டாததால் இணைப்பை வெட்டிவிட்டார்கள். அலுமாரியில் யாரோ கொழும்பிலிருந்து கழித்து அனுப்பிய பழைய ஆங்கிலப் புத்தகங்கள். கீழ்த்தட்டைக் கறையான் தின்று முடித்திருந்தது. வாசலில் நின்ற ஒரு பிள்ளை, அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதப்போகிறது, "இது எப்ப தொறப்பாங்க?" என்று எங்களைக் கேட்டது. நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தத் திறப்பு விழாக் கல்லில் எங்கள் சங்கத்தின் பெயரும் இருந்தது.

கட்டடம் கொடுத்தோம், படம் பிடித்தோம், வந்துவிட்டோம். அதற்குப் பிறகு யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குழுவைக் குற்றம் சொல்ல முடியாது. குழுவின் வேலை என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் கிடையாது. அதனால்தான் இன்றைய கூட்டம்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட குழுக்காரர்களை நூலக அறங்காவலர்கள் என்பார்கள். நம்மிடம் வாசிகசாலைக் குழு, வாசகர் வட்டம், ஆலோசனைக் குழு என்று பல பெயர். பெயர் எதுவானாலும் உங்களில் பலர் நினைப்பது போலச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது குழுவின் வேலை இல்லை. புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் படிப்பும் சம்பளமும் வேண்டும். அவை இரண்டும் எங்கே தீர்மானிக்கப்படுகிறதோ அந்த இடத்துக்குப் போய் வாசிகசாலைக்காகப் பேசுவதுதான் உங்கள் வேலை.

பணத்தை முதலில் பார்ப்போம். நமது சந்தா மாதா மாதம் செக்ரோலில் கழிகிறது. சிறிய தொகைதான், ஆனால் நிற்காமல் வருகிறது. அதனால்தான் சங்கம் ஒப்பீஸ் வைத்து நடத்துகிறது. யாரோ ஒரு பெரிய மனுசன் ஒரே தடவை ஒரு லட்சம் கொடுத்தால் எத்தனை மாதம் சங்கம் ஓடும்? வாசிகசாலையும் அப்படித்தான். நன்கொடை என்று வருவது எல்லாம் ஒரு தடவை வருவது: கட்டடம், அலுமாரி, கம்பியூட்டர். தினமும் வேண்டியது கரண்ட், பேப்பர், இன்டர்நெட், ஆள். இதற்கு நன்கொடை கொடுக்க யாரும் வருவதில்லை, ஏனென்றால் கரண்ட் பில்லுக்குத் திறப்பு விழா வைக்க முடியாது.

நிற்காமல் வரக்கூடிய பணம் பிரதேச சபையிடம்தான் இருக்கிறது. நமது பகுதிகளில் பொது நூலகங்களை நடத்துகிறவர்களும் அவர்களே. முன்பு போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "அது தோட்டம், கம்பெனியிடம் கேளுங்கள்." கம்பெனியிடம் கேட்டால், "அது பொதுச் சேவை, சபையிடம் கேளுங்கள்." 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்றார்கள். ரோட்டுக்கு, தண்ணீருக்கு, விளக்குக்கு எல்லாம் அதே பதில். வாக்குப் போட மட்டும் நாம் சபையின் ஆட்கள்.

அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்ட மக்களுக்கும் சேவை செய்யச் சபைக்கு வழி திறந்தது. அதே வருடம் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறு சபைகளாகப் பிரிந்தன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆட்களுக்குச் சபை இப்போது பஸ் ஏறிப் போகிற தூரம்தான். ஆகவே "சட்டம் இடம் கொடுக்காது" என்று இனி யாராவது சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். கட்டடம் தோட்டக் காணியில் இருந்தால் நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது உண்மை. அதைப் பெரிய துரையிடம் வாங்கித் தருவதற்குச் சங்கம் கூட வரும். அது எங்கள் வேலை.

எப்போது போய்க் கேட்பது என்பதும் முக்கியம். சபையின் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமானது. அடுத்த வருடத்துக்கான திட்டத்தை இந்த வருடம் முடிவதற்குள் நிறைவேற்றிவிடுவார்கள். டிசம்பர் கடைசியில் மனுவோடு போனால், "நல்ல யோசனை, அடுத்த முறை பார்ப்போம்" என்று டீ கொடுத்து அனுப்புவார்கள். ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே மனு போக வேண்டும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் பேச்சுப் போட்டிக்கு உறுப்பினரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுகிறீர்கள், மாலை போடுகிறீர்கள். மாலையோடு மனுவின் பிரதியையும் கையில் கொடுங்கள். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பதற்கு உறுப்பினரே இல்லாமல் இருந்தோம். 2025 மே மாதம் வாக்குக் கேட்டு லயம் லயமாக வந்தவர்கள் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உறுப்பினர் அல்லாத ஊர் ஆட்களையும் தனது குழுக்களில் சேர்த்துக்கொள்ளச் சபைக்கு அதிகாரம் உண்டு. நூலகத்துக்கென்று அப்படி ஒரு குழு போடச் சொல்லி, அதில் நமது தங்கை ஒருத்தியின் பெயரையும் கொடுங்கள்.

எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று தெரியாமல் பேசப் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். கையில் கணக்கு இருந்தால் பேச்சின் தொனியே மாறும். சம்பளப் பேச்சுவார்த்தையில் நாங்கள் கண்ட அனுபவம் இது.

அடுத்தது படிப்பு. பெரும்பாலான இடங்களில் வாசிகசாலையைத் திறந்து வைத்திருப்பது யார்? உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளை. சம்பளம் இல்லை, "சமூக சேவை" என்கிறோம். கொழும்பில் கடை வேலை கிடைத்தவுடன் பிள்ளை போய்விடும், வாசிகசாலை பூட்டப்படும். அந்தப் பிள்ளையை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். கூலி இல்லாமல் வேலை வாங்குவதைத் தோட்டத்தில் எதிர்க்கிற நாம், நமது வாசிகசாலையில் அதையே செய்கிறோம். இந்த விஷயம் எங்களுக்கு நெடுநாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. இலங்கை நூலகச் சங்கம் 1960 முதல் இருக்கிறது. நூலகத்துறைப் பாடநெறிகளைத் தமிழிலும் நடத்துகிறது. தேசிய நூலகம் மற்றும் ஆவணமாக்கல் சேவைகள் சபையும் பயிற்சிகள் வைக்கிறது. பாடநெறிக்கு ஒரு பிள்ளையை அனுப்பக் கட்டணமும் பஸ் செலவும் குழு கொடுக்க வேண்டும். தகுதி கையில் இருந்தால் நாளைக்குச் சபையில் நூலகப் பதவிக்கு விண்ணப்பிக்க அந்தப் பிள்ளைக்கு வழி கிடைக்கும். குழுவில் இருக்கும் நீங்களும் கற்க வேண்டியது உண்டு: கூட்டக் குறிப்பு எழுதுவது, வங்கிக் கணக்கை இரண்டு கையெழுத்தில் நடத்துவது. மாதர் சங்கத் தலைவிகள் இதில் கெட்டிக்காரர்கள். சீட்டுக் கணக்கு நடத்திப் பழகியவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

இனிக் கம்பியூட்டர் விஷயம். இதில்தான் குழுக்கள் அதிகமாக ஏமாறுகின்றன.

ஒரு கதை சொல்கிறோம். நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்று ஒரு நாட்டுப்புறப் பகுதி. அங்குள்ள நூலகங்களை ஓர் அறங்காவலர் அமைப்பு நடத்தியது. 1999இல் அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. பெரிய கம்பெனிகளிடம் வாங்கிக் காலம் முழுக்க பணம் கட்டிக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. உள்நாட்டில் ஒரு சிறிய நிறுவனத்தைக் கொண்டு தங்களுக்கு வேண்டியதை எழுதுவித்து, 2000 ஜனவரியில் பாவனைக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பெயர் கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தம். இன்று பல நாட்டு நூலகங்களில், நமது பல்கலைக்கழகங்களிலும் கூட, அது ஓடுகிறது. பின்னாளில் ஓர் அமெரிக்கக் கம்பெனி கோஹா என்ற பெயரையே தனதாகப் பதிய முயன்றபோது எதிர்த்து நின்றார்கள், பெயரையும் காப்பாற்றினார்கள். அந்த மென்பொருளை அந்தக் குழுக்காரர்கள் தாங்களே எழுதவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கோஹா போட ஓடாதீர்கள். அறுநூறு எண்ணூறு புத்தகம் உள்ள அறைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். பிறகு ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழை யூனிகோடில் அடியுங்கள். ஓரிடத்தில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் பாமினியில் அடித்து வைத்திருந்தது. வேறு கம்பியூட்டரில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் எதுவும் அகப்படாது. மாற்றி எடுக்க வழி உண்டு, ஆனால் எவ்வளவு பாடு! முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

யாராவது கம்பியூட்டர் தருகிறோம் என்று வந்தால், கரண்ட் பில் யார் கட்டுவது, டேட்டா யார் போடுவது, பழுதானால் யார் பார்ப்பது, பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், மூன்றுக்குப் பதில் ஒன்று தாருங்கள், மீதிப் பணத்தில் இரண்டு வருட இணைப்பு தாருங்கள் என்று சொல்லுங்கள். கொடுக்க வருகிறவர்களுக்கு முகம் சுருங்கலாம். பரவாயில்லை. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது நமது பிள்ளைகள் சிக்னல் தேடி ஒரு போனோடு மலை உச்சிக்கு ஏறினார்கள். அன்றைக்கு ஒழுங்கான இணைப்போடு ஒரு வாசிகசாலை இருந்திருந்தால் எத்தனை பிள்ளைக்கு உதவியிருக்கும்! பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நூலகம் என்ற இணையத் தளத்தில் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, காசு வேண்டாம். இவற்றைத் திறந்து காட்ட ஓர் ஆள் வேண்டும், அதுதான் குறை.

அந்தத் தளத்தில் இருந்து எடுப்பது மட்டுமல்ல, கொடுக்கவும் நம்மிடம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. சிலவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை. மலைநாட்டில் நெருப்பு வேண்டாம், மழையும் கறையானும் போதும். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துத் துண்டுப் பிரசுரம், பழைய சங்கப் பத்திரிகை, துண்டுச் சம்பளச் சீட்டு இருக்கலாம். சி.வி. வேலுப்பிள்ளையும் நம்மைப் போலத் தொழிற்சங்கக்காரர்தான். அவர் தோட்டத்து ஆட்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்ததால் மலைநாட்டு மக்கள் பாடல்கள் இன்றைக்குப் புத்தகமாக இருக்கிறது. இப்போது போனிலேயே படம் பிடிக்கலாம். மூலத்தை உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மறக்க முன் சொல்லிவிடுகிறோம். வாசிகசாலைப் பதிவேட்டில் வீட்டு இலக்கம், போன் நம்பர், யார் என்ன படித்தார்கள் என்பது எல்லாம் இருக்கும். தேர்தல் காலத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டு ஆள் வரும். நிர்வாகம் கேட்டாலும், கட்சி கேட்டாலும், சங்கமே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முதலில் சொன்ன அந்தத் தோட்டத்துக்குப் போன மாதம் மறுபடி போனோம். சாவி இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது, ஒன்று பிள்ளைமடுவத்து அக்காவிடம். கரண்ட் வந்துவிட்டது. மூன்று கம்பியூட்டரில் ஒன்றுதான் வேலை செய்கிறது. கேள்வி கேட்ட பிள்ளை பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு குழுக் குழுவாக உட்காருவோம். தகவல் கோரும் விண்ணப்பப் படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன. உங்கள் சபை கடந்த மூன்று வருடத்தில் நூலகங்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற இரண்டு கேள்வியையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பஸ் ஏறுவதற்கு முன் எங்களிடம் ஒரு பிரதியைத் தந்துவிட்டுப் போங்கள்.