கல்முனைக்கு வந்த அறிஞர் அதிகாரி



பழைய கொரிய நாட்டிலே, கி.பி. 958ஆம் ஆண்டு தொடக்கம், பரீட்சை வைத்து அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆள் எடுத்தார்கள். செய்யுளும் முதுநூலும் கற்றவனுக்கே பதவி. புலவனும் அதிகாரியும் ஒருவனாகவே இருந்த காலம் அது. ஆங்கிலேயர் இங்கு நடத்திய சிவில் சேவையிலும் பரீட்சை இருந்தது. புலமையைத்தான் அதிகம் காணோம். ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. அவர்களுள் ஒருவர் ஏ. எம். ஏ. அஸீஸ்.

1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். 1935இல் சிவில் சேவையிற் சேர்ந்தார். இலங்கை முஸ்லிம்களில் அப்பதவியை அடைந்த முதல்வர் அவரே.

1942ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது, கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன, பர்மா அரிசி நின்றுவிட்டது. இந்த நாட்டின் சோறு பெரும்பாலும் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். உணவு உற்பத்தியைப் பெருக்கவென்று அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் அஸீஸ். அம்பாறை மாவட்டம் அப்போது இல்லை. அது 1961இல் பிரிந்தது. கல்முனை மட்டக்களப்போடு சேர்ந்திருந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையே முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும் நீண்ட கரை. போடிமாரோடும் வயற்காரரோடும் பழகி வேளாண்மையைக் கவனிப்பதே அவருடைய கடமை.

அந்தக் கடமையோடு அவர் நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. விளையும் நிலத்தின் நடுவே, பிள்ளைகளின் படிப்புத் தரிசாய்க் கிடந்ததை அவர் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும், இக்பாலைத் தமிழிலே பாடிய காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்பும் அவருக்கு வாய்த்தன. கல்முனையில் முளைத்த எண்ணமே 1945இல் நாடு முழுவதற்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. ஏழை மாணவர் மேற்படிப்புக்குப் பணம் இல்லாமல் நின்றுவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

1948இல் எல்லோரும் வியக்கும்படி சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அதிகாரமும் ஓய்வூதியமும் உள்ள நாற்காலியை விட்டுப் பள்ளிக்கூட நாற்காலிக்குப் போவது இலேசான காரியமா? பதின்மூன்று ஆண்டுகள் அங்கிருந்தார். செனற் சபையிலும் அமர்ந்தார். முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதில் அவருக்கு ஐயமிருந்ததில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிய முன்னோரின் அரபுத்தமிழையும் அவர் அன்போடு ஆராய்ந்தார். "இலங்கையில் இஸ்லாம்" என்ற நூலை அவர் தமிழிலேயே எழுதினார்.

1973 நவம்பரில் அவர் காலமானார். அவர் பிறந்த மண்ணில் எழுந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், 1980இல், மறைந்த அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது.