இரயிலும் சாராயமும்

"இரயிலிலும் ஆபத்து உண்டு, மதுவை மட்டும் பழிப்பதேன்?" என நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே, சீர்தூக்கிப் பார்ப்போம்.

2024 அக்டோபர் 11 இரவு, நம் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு இரயிலின் மீது பாக்மதி விரைவு இரயில் மோதிப் பலர் காயமுற்றனர். விசாரணை நடந்தது, பாதை செப்பனிடப்பட்டது. இன்றும் அப்பாதையே நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் நம்மை வேலைக்கும் கொண்டு சேர்க்கிறது.

அதே ஆண்டு ஜூனில், கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டோரில் மிகப் பலர் கூலித் தொழிலாளர்கள். மெத்தனால் ஆலையில் பயன்படுபொருள், குவளையில் நஞ்சு.

உடல்வலி மறக்கவே குடிக்கின்றனர் என்பதும் மெய்யே. ஆயினும் விடிந்தால் வலி திரும்புகிறது, கூலி திரும்புவதில்லை. கருவியின் தீமையை அறிவால் குறைக்கலாம். போதையோ அவ்வறிவையே முதலில் பறிக்கிறது. அரிதின் முயன்று நாம் பெற்ற அறிவை இழக்கலாமா?