இலவசக் கல்வியும் நாமும்
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



எம்முள் மூத்தவர்களின் தாய்மார் கட்டணம் கட்டிப் படித்தவர்கள், அல்லது கட்ட முடியாமல் படிப்பை விட்டவர்கள். நாமோ பாடசாலைக் கட்டணம் என்பதை அறியாமலே வளர்ந்தோம். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை இந்நாளில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமானது.

1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். உணவும் உடையும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1913இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் இந்துப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். காலப்போக்கில் தயக்கம் குறைந்தது. ஆனால் உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. பணம் போதாத வீடுகளில் தம்பி புத்தகத்தோடு புறப்பட, அக்கா அடுப்படியில் நின்றாள்.

1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்களிக்கும் மக்களுக்குக் கல்வியும் வேண்டுமல்லவா? அவ்வாண்டு கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எதிர்ப்புகளைத் தாண்டி, 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1980இல் பாடநூல்களும், 1993இல் சீருடைத் துணியும் இலவசமாக வரத் தொடங்கின. மலையகத் தோட்டப் பாடசாலைகளோ 1970களிலிருந்துதான் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. எல்லோருக்கும் என்ற சொல் எல்லோரையும் சென்றடையக் காலம் எடுத்தது.

இன்று நிலைமை என்ன? கட்டணம் இல்லை என்கிறோம். ஆனால் ரியூசன் காசு, பஸ் காசு, சப்பாத்து, வசதிக் கட்டணம் என்று செலவுகள் நீள்கின்றன. வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் படிப்பை நிறுத்துவது எந்தப் பிள்ளை என்று நாம் கேட்க வேண்டும். அந்த அக்கா இன்னமும் அடுப்படியிலிருந்து முழுமையாக வெளியே வரவில்லை.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு ஒன்று கட்டி, அதில் எமது பெயர்களைப் பொறிக்க வேண்டும் என்று எம்மிற் பலர் விரும்புகிறோம். ஆசை தவறல்ல. ஆனால் சேர்ந்த நிதியில் முதற் பங்கு, இடையில் நின்றுபோகக்கூடிய மாணவிகளுக்குச் செல்லட்டும். யாருக்குத் தேவை என்பதை வகுப்பாசிரியர்கள் அறிவார்கள். பிள்ளையின் பெயரை மேடையில் வாசிக்காமல், அவள் கூச்சப்படாத வகையில் அந்த உதவி போய்ச் சேரட்டும். மிஞ்சுவதில் வளைவைக் கட்டுவோம்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளிடமும் இதையே வேண்டுகிறோம். நாம் கட்டாத கட்டணத்தை அன்று யாரோ எமக்காகப் பேசி நீக்கினார்கள். அந்தக் கடனை இந்தப் பிள்ளைகளிடம் தீர்ப்போம்.