நூலக வாசலில் தயக்கம் வேண்டாம்
(கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவரிடையே ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத இந்தத் தீவில் ரயில் டிக்கெட் பதிவு செய்யும் குமாஸ்தா நான். படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான்.

இதே ஊரில், செல்லுலார் சிறையில், 1933-இல் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நல்ல சோறும் விளக்கும் மட்டுமா கேட்டார்கள்? புத்தகமும் பத்திரிகையும் கேட்டார்கள். மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் மூவரும் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர். அதன் பிறகு கைதிகளுக்குப் புத்தகம் கிடைத்தது. படிப்பு வகுப்புகளும் நடந்தன.

நமக்கோ கதவு திறந்தே இருக்கிறது. கூலிக்காரன் பிள்ளை எப்படி உள்ளே போவது என்று கூசுகிறோம்!

புத்தக முதுகில் ஓர் எண் இருக்கும்; அதுதான் அதன் விலாசம். டூயி முறைப்படி அடுக்கிய நூலகமானால் பொருளாதாரம் 330, தமிழ் இலக்கியம் 894.811. கணினியில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். பக்கத்துப் புத்தகங்களையும் புரட்டுங்கள். தேடாதது கிடைப்பது அங்கேதான்.

கிடைக்காவிட்டால் நூலகரைக் கேளுங்கள். அது சலுகை அல்ல. வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமையென்று சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்துவிட்டார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: வகுப்பு முடிந்ததும் மகளை வீட்டு வேலைக்கு அழைக்காதீர்கள். நூலகம் மூடும்வரை அவள் அங்கே இருக்கட்டும்.